ஆறு மைல் பயணம்

வெள்ளிக்கிழமை காலை மாயக்கண்ணனின் நெற்றியில் சந்தனம் பூசப்பட்டபோது, புதுவயல் அரிசி மில்லில் பாய்லர் அணைந்து கிடந்தது. அடுப்புக்கு உமி தள்ளுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். காலையிலேயே ஓர் ஆள் வேண்டுமென்று மேஸ்திரி வீரையா காரைக்குடிக்குச் சொல்லியனுப்பியிருந்தார். மாயக்கண்ணன் ரங்கூன் மில்லில் அதே வேலையைப் பார்த்தவன். அங்கே கலகம் வந்ததும் கட்டிய வேட்டியோடு கப்பலேறி, இரண்டு வருஷமாக இங்கே சும்மா இருக்கிறவன். ஊறிய நெல் காத்திருக்காது என்று தெரிந்ததால் அவனுக்குக் கால் பரபரத்தது.

ஆனால், நெல்லைப் போலல்லாமல், வேலையற்ற ஏழைகள் சகாய சபைக்குக் காத்திருக்கத் தெரியும். சபை தொடங்கிப் பத்து மாதமாகிறது. இதற்குள் அது பந்தல்காரருக்கும், நோட்டீஸ் அச்சடிப்பவருக்கும், ரோஜா மாலை கட்டுகிறவருக்கும் ஓயாத வேலை கொடுத்திருந்தது. வேலையற்ற ஏழை ஒருவனுக்கு வேலை கிடைப்பது இதுதான் முதல் தடவை. அவனைச் சும்மா அனுப்பிவிட முடியுமா? தலைவர் வயிரவன் செட்டியார் யோசித்தார். தம் வீட்டுப் பிள்ளைகள் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போகும்போது நாள் பார்த்து, சகுனம் பார்த்துப் பயணம் அனுப்புவது வழக்கம். அதே மரியாதை இந்த ஏழைக்கும் உண்டென்று அறிவித்தார். சபையோர் கண் கலங்கினார்கள். ஒருவர் எழுந்து சமத்துவத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

மாயக்கண்ணனின் காதில் விடியலில் மனைவி கருப்பம்மாள் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் தேவகோட்டை ஆச்சி வீட்டு வண்டி வருது. நீ வேலையோட வந்தா வண்டியத் திருப்பிவிட்ருவேன். இல்லாட்டி அன்னக்கிளிய ஏத்திவிட வேண்டியதுதான்யா. பித்தளை வெளக்குனாலும் அங்குட்டாச்சும் சோறு திங்கட்டும்."

அவர்கள் மகள் அன்னக்கிளிக்கு ஒன்பது வயது.

ஒருவழியாகக் கழுத்தில் மாலை விழுந்தது. செட்டியாரின் மோட்டார் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எதிரே நிறைகுடத்தோடு வருவதற்கென்று ஒரு சுமங்கலியை முக்கில் தயாராக நிறுத்தியிருந்தார்கள். மாயக்கண்ணன் வாசற்படி இறங்கினான். சுமங்கலிக்கு முன்னால், யாரும் ஏற்பாடு செய்யாமலேயே, தலையில் விறகுக்கட்டோடு பெத்தன் வந்தான். அவனும் சபையில் பெயர் கொடுத்தவன்தான். பொறுத்துப் பார்த்து, விறகு வெட்டப் போய்விட்டவன்.

"நில்லுடா அப்பு!" என்று செட்டியார் கத்தினார். "விறகு எதுக்க வருது. மொதப் பயணம்டா, வெளங்குமா? உள்ள வந்து ஒக்காரு. ஒரு வாய் தண்ணியக் குடி."

"ஐயா, மில்லுல நெல்லு ஊறிக் கெடக்கு…"

"கெடக்கட்டுமே. எங்க அப்பச்சி என்னைய ரங்கூனுக்கு அனுப்பையில நல்ல நேரத்துக்காக நாலு நாளு ஒக்காந்திருந்தேன். என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த நாலு நாளில் கப்பல் போய்விட்டது என்பதையும், அடுத்த கப்பலுக்குச் சீட்டெடுக்கத் தகப்பனாரிடம் பணம் இருந்தது என்பதையும் அவர் சொல்லவில்லை. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பத்தரை ஆகி ராகுகாலம் பிறந்துவிட்டது. இனி பன்னிரண்டு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தை வீணாக்க வேண்டாமென்று இன்னும் இரண்டு பேர் பேசினார்கள்.

"ஏலே மாயக்கண்ணா, புதுவயலுக்குக் கப்பல் எத்தனை மணிக்குலே?" என்று பின்வரிசையிலிருந்து சோணை கேட்டான். பின்வரிசை மட்டும் சிரித்தது.

சபைக்குத் தெரியாமல் ஓடிவிடலாமா என்று மாயக்கண்ணனுக்குத் தோன்றியது. ஆனால் சபையின் ஆள் என்று சொன்னால்தான் மில்லுக்குள் விடுவார்கள் என்று காரியதரிசி முத்துராமன் பி.ஏ. சொல்லியிருந்தார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

உச்சிக்குப் பிறகு பயணம் புறப்பட்டது. சபை வேலை கொடுத்துவிட்டதை ஊரெல்லாம் தமுக்குப் போட்டுச் சொல்ல ஓர் ஆள் ஒரு பக்கம் போனான். செட்டியாரைச் சாப்பாட்டுக்கு ஏற்றிக்கொண்டு மோட்டார் கார் ஒரு பக்கம் போனது. மாயக்கண்ணன் ஆறு மைல் நடந்தான், பாதி ஓட்டமாக.

தூரத்திலேயே மில் புகைபோக்கி தெரிந்தது. அதிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவன் ஓட்டத்தை நிறுத்திவிட்டான். மிச்ச வழியை மெதுவாகவே நடந்தான்.

"யாருய்யா நீ, மாப்பிள்ளைக் கோலத்துல?" என்றார் வீரையா.

"சபையில அனுப்புனாக."

"நான் எப்பச் சொல்லியனுப்புனேன், நீ எப்ப வார? உச்சி வரைக்கும் பாத்தேன்யா. வாசல்ல ஒருத்தன் நின்னான். வேலை தெரியுமான்னேன், தெரியும்னான். உள்ள விட்டுட்டேன்."

"சபையில இருந்துன்னு சொன்னானா?"

"எந்தச் சபை?" என்றார் வீரையா.

திரும்பி வந்தபோது காரியதரிசி சபையைப் பூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"உனக்குத்தான் வேலை கொடுத்தாச்சேப்பா."

"கெடைக்கலீங்களே."

"அது உனக்கும் மில்லுக்கும் உள்ள விவகாரம். சபை கொடுத்தாச்சு. படம் எடுத்தாச்சு, தமுக்கும் போட்டாச்சு. ஒருத்தனுக்கே ரெண்டு தடவை கொடுத்தா மத்தவன் வயிறு எரியாதா?"

அவன் தெருவுக்குள் நுழைந்ததும் குலவைச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் விசேஷம் என்று திரும்பிப் பார்த்தான். பெண்கள் அவனைப் பார்த்துத்தான் குலவையிட்டார்கள். மாலையைக் கழற்ற மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது.

கருப்பம்மாள் முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"தமுக்குச் சத்தம் கேட்டுச்சுய்யா. தேவகோட்டை வண்டிக்காரன் வந்தான். எம்புள்ள யார் வீட்டுப் பித்தளையையும் வெளக்க வேணாம், போய்யான்னு மொகத்துல அடிச்சாப்புல சொல்லிட்டேன். அவன் ரோசத்துல எதுத்த வீட்டுக் காளியாயி மகள ஏத்திக்கிட்டுப் போயிட்டான். நாகவல்லிகிட்டக் கைமாத்தா அரிசி வாங்கி உலை வச்சிருக்கேன். என்ன, வாசல்லயே நிக்கிற?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அன்னக்கிளி செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தாள். குனிந்து அவன் காலில் ஊற்றினாள். பாதத்தில் அப்பியிருந்த செம்மண் கரைந்து அவனைச் சுற்றிச் சேறாகத் தேங்கியது.

"அந்தக் கால, அய்யா," என்றாள். "தூக்கு."

அவன் தூக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் ஊற்றினாள்.