ஹுமாயூன் அனுப்பிய பாதி வலை

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து ஹுமாயூன் எங்கள் ராயபுரத்துக்கு வந்தான். பாரசீக வளைகுடாவில் அவனுக்கு ஒரு குட்டி நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், எண்ணெய்க் கறை பட்டு அதில் அந்த இடம் அழிந்துபோய்விட்டது. அங்கே மண்ணைத் தோண்டினால் எண்ணெய்தான். அது பீறிட்ட நாள் முதல் ஜனங்கள் மற்ற தொழிலையெல்லாம் விட்டுவிட்டார்களாம். கொட்டாவி விடுவதற்கும் வெளியூர் ஆளைக் கூலிக்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டபோது நான் நம்பவில்லை. அந்த வேலைக்குப் போய் வந்தவனே சொன்ன பிறகு நம்பாமல் என்ன செய்வது?

எண்ணெய் வற்றிவிட்டால் பிழைப்பு என்ன என்று அவர்கள் ராஜாவுக்குப் பயம் வந்துவிட்டது. “வேறொரு தொழிலைப் பார்த்து அனுப்பு. அது இங்கே வேரூன்றிய பிறகு நீ ஊர் திரும்பலாம்” என்று ஹுமாயூனை அனுப்பிவிட்டார். புதிதாகக் கல்யாணமானவன், பாவம். என் வீட்டு மாடி அறையில் இருந்தான். பெருநாளன்று சாப்பிடக் கூப்பிட்டேன், இறங்கி வரவில்லை. ஜன்னலில் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் ஊரிலும் கடலும் மீனும் உண்டு என்பதால் வலை பின்னும் சிலுவையம்மாளிடம் கூட்டிப்போனேன். புதிதாகக் கற்பவருக்கு அவர்கள் வீட்டில் முழு வலையைத் தருவதில்லை. பாதி பின்னி, ஊசியை நூலோடு அதிலேயே விட்டுத் தருவார்கள். மீதியைக் கற்பவர் முடிக்க வேண்டும். அப்படியொரு பாதி வலையை ஹுமாயூன் கப்பலேற்றினான். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

கப்பல் திரும்பியதும், அதில் வேலை பார்த்த லியோனார்ட் எங்களைத் தேடிச் சிலுவையம்மாள் வீட்டுக்கே வந்தான்.

“இன்னா சொன்னாங்க அண்ணாத்தே?” என்றான் ஹுமாயூன். எங்கள் தமிழ் அதற்குள் அவனுக்கு வந்திருந்தது.

“வலை ஷோக்கா கீதாம் நைனா. மீதிப் பாதியையும் அனுப்பச் சொன்னாங்க. இன்னா வெலைன்னாலும் தராங்களாம்.”

“ஊசி?”

“ராஜா பல்லு குத்திக்கினு கீறாரு.”

சிலுவையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹுமாயூன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“எனக்குக் கத்துக்குடு அக்கா. நானே போயி அவுங்களாண்ட குந்தி சொல்லிக்குடுக்கிறேன்.”

“தொழிலு அங்க வந்தப்புறம்தான உன்னிய வரச் சொல்லிகீறாரு?” என்றான் லியோனார்ட்.

சிலுவையம்மாள் வேறொரு ஊசியை எடுத்து ஹுமாயூன் கையில் வைத்தாள்.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. லியோனார்ட் ஓடினான். ஹுமாயூன் தலை நிமிரவில்லை. தப்பாக விழுந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தான்.