ஆறு ரூபாய் எண்பத்தைந்து காசு

பங்குச்சந்தை மூடியதும் நவரேகா பத்திரிகை அலுவலகத்தின் கேன்டீனில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். கேன்டீன்காரர் ஷிண்டேயின் கரும்பலகையில் மிசள் பதினைந்து, சாபுதானா கிச்சடி பன்னிரண்டு, வடாபாவ் ஆறு என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே கம்பெனிப் பங்கின் அன்றைய விலையை எழுதுவது சில மாதங்களாக வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு முன்பே பங்கு மிசளைவிட மலிந்துபோனது. டிசம்பரில் கிச்சடியையும் விட்டு இறங்கியது. 2009 ஜனவரியின் அந்தச் செவ்வாய்க்கிழமை ஷிண்டே 6.85 என்று எழுதினார்.

"வடாபாவுக்கு இன்னும் எண்பத்தஞ்சு காசுதாங்க பாக்கி" என்றான் உதவி ஆசிரியர் ஹரீஷ். கோயம்புத்தூர்க்காரன், இந்த மராத்தி ஊருக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம். "நம்ம ஷேர வித்தா வடாபாவு கூட மொளகா தருவாங்களாக்கா?"

"மொளகா நமக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுப்பா" என்றாள் கனகவல்லி.

பலகையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு வருடம் சம்பள உயர்வுக்குப் பதிலாக எல்லோருக்கும் பங்குதான் கிடைத்தது. அப்போது ஒரு பங்கு நூற்று நாற்பது ரூபாய்.

கனகவல்லி பதினான்கு வருடமாக அங்கே பக்கம் வடிவமைப்பவள். வியாபாரப் பக்கத்தை அவளைப்போல வேகமாக முடிக்க ஆளில்லை. இருபது பேரைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அலுவலகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கணவர் தங்கராஜுக்குத் தளேகாவ் தொழிற்சாலையில் நவம்பரிலேயே வேலை போய்விட்டது. காலையில் அவர் கேட்டபோது, "என்னை அனுப்பிட்டு யார வெச்சுப் பக்கம் போடுவாங்க?" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடினாள்.

மற்றப் பங்குகளின் விலைப்பட்டியல் கணினிக்குத் தானாக வந்துவிடும். கம்பெனியின் விலையை மட்டும் பக்கத்தின் உச்சியில் தனிப் பெட்டியில் கையால் அடிக்க வேண்டும். பங்கு உயரத்தில் இருந்த நாளில் முதலாளி போட்ட உத்தரவு அது. எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

அந்தப் பெட்டியை வைத்து அவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. தினம் ஒருவர் தனக்குப் பிடித்த விலையைச் சொல்வார். கனகவல்லி அதை அடிப்பாள். ஒரு நிமிடம் எல்லோரும் பணக்காரர்கள். பிறகு அழித்துவிட்டு உண்மை விலையைப் போடுவாள்.

"இன்னைக்கு என் முறைங்க. அறுநூத்தி எண்பத்தஞ்சு!" என்றான் ஹரீஷ்.

அடித்தாள்.

"அக்கா, நான் மகர்பட்டாவுல ஃபிளாட் பாத்துட்டு இருக்கேன். பால்கனி கிழக்கயா மேற்கயா?"

"உனக்கு எதுக்குப்பா பால்கனி? காயப்போட ஒரு சட்டைதான இருக்கு."

அப்போது தங்கராஜிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஹடப்சரில் ஒரு காவல் வேலை இருக்கிறதாம், வயது அதிகம் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் பேசி முடிப்பதற்குள் அச்சகத்திலிருந்து பக்கத்தைக் கேட்டு ஆள் வந்தான். அனுப்பிவிட்டாள்.

வியாபாரப் பக்கம் வரும் இணைப்பு மாலையிலேயே அச்சேறிவிடும். ஆறே முக்காலுக்கு மாதிரிப் பிரதி பார்க்கக் கீழே போனாள். அச்சு மேற்பார்வையாளர் ஜம்புநாதன் மை படிந்த கையால் ஒரு தாளை நீட்டினார். அவள் கண் நேராகப் பெட்டிக்குப் போனது. 685.00.

"அண்ணே, மிஷின நிறுத்துங்க."

ஜம்புநாதனும் எட்டிப் பார்த்தார். சிரிப்பில் அவர் வயிறு குலுங்கியது. "விடு கனகா. யார் பாக்கப் போறா? ஒரு நாளாச்சும் நம்ம கம்பெனி தல நிமுந்து நிக்கட்டும்."

"நிறுத்துங்கண்ணே. என் பக்கத்துல தப்பு போகக் கூடாது."

"நாலாயிரம் காப்பி ஓடிருச்சும்மா. அத்தனையும் பழைய பேப்பர் ரத்திக்குத்தான் போகும். மேல கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். புதிய தகடு ஏற இருபது நிமிடம் ஆயிற்று. நாலாயிரத்து இருநூறு பிரதிகள் பழைய தாள் வண்டியில் ஏறின. சரியான விலையோடு இணைப்பு வெளியே போனது. கனகவல்லி தானே மேலே போய் நடந்ததைச் சொன்னாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு இருபது பேருக்கும் கடிதம் கொடுத்தார்கள். பத்தொன்பது பேருக்கு மூன்று மாதச் சம்பளம் உண்டு. கனகவல்லியின் கடிதத்தில் அது இல்லை. கவனக்குறைவு, பிரதிகள் சேதம் என்று இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

"நானாத்தானே சொன்னேன்?" என்று இந்தியில் கேட்டாள்.

"அதனாலதான் ரெக்கார்டுல இருக்கு" என்றாள் பணியாளர் துறை ராஜஸ்ரீ, மேசையைப் பார்த்தபடி. பிறகு, "ஆஜ் கா பேஜ் கர்கே ஜானா, ப்ளீஸ்" என்று, இன்றைய பக்கத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அந்தப் பக்கத்தைப் போட வேறு ஆள் இல்லை.

கனகவல்லி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஹரீஷ் தானே டீ வாங்கி வந்து வைத்தான். பட்டியலை ஒழுங்குபடுத்தினாள், தலைப்புகளை வெட்டினாள், படத்தைப் பொருத்தினாள். வழக்கம்போலவே கை வேகமாக ஓடியது.

ஆட்குறைப்புச் செய்தியைக் கம்பெனி மதியமே பங்குச்சந்தைக்குத் தெரிவித்திருந்தது. மூன்றரைக்கு ஹரீஷ் விலையைக் காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்தான். 8.20.

அவள் எண்ணை அடித்தாள். புள்ளி இருக்கும் இடத்தை இரண்டு முறை பார்த்தாள். பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி வைக்க வேண்டும். பல மாதங்களாகச் சிவப்பில் கீழே பார்க்கும் அம்பையே பிரதி எடுத்துப் போட்டுவந்ததால், மேலே பார்க்கும் பச்சை அம்பு எந்தக் கோப்பில் இருக்கிறதென்று அவளுக்கு நினைவில்லை. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடி எடுத்து, விலையின் பக்கத்தில் நேராக நிறுத்தினாள்.