எல்ராயின் குறிப்பேடு

இருபத்திரண்டு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய பிறகு, வாசிப்புச் சிறப்பாசிரியர் என்ற முதுகலைப் பட்டம் வாங்கினால்தான் பதவி உயர்வு என்று எங்கள் பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு நான் மறுபடியும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

முதல் வருடம் முழுக்கப் புத்தகம். இரண்டாம் வருடம் சனிக்கிழமைதோறும் செய்முறைப் பயிற்சி. வாசிக்கத் தடுமாறும் ஒருவரை எதிரில் உட்காரவைத்து நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் பேராசிரியர் இன்க்ரிட்டும் கூடப் படிக்கிற பதினோரு பேரும் உட்கார்ந்து, நாம் செய்யும் தப்பையெல்லாம் எழுதிக்கொள்வார்கள். அவர்களை நம்மால் பார்க்க முடியாது.

மற்றவர்களுக்கெல்லாம் ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள். எனக்கு வாய்த்தவர் ஆர்வில். வயது அறுபத்துமூன்று. முப்பது வருடம் பால் லாரி ஓட்டியவர். வந்ததும் கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தார்.

"உள்ள எத்தனை பேர்?"

"பன்னிரண்டு பேர்."

"நம்மளைப் பாக்கவா? பாவம், வேற வேலை இல்லையா?"

கையில் இருந்த ஆரம்பநிலைப் புத்தகத்தை நீட்டினேன். ஒரு வாத்து தன் காலணியைத் தொலைத்துவிடும் கதை. இரண்டு பக்கம் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு மூடினார்.

"டீச்சர், வாத்துக்கு எதுக்கு ஷூ?"

கண்ணாடிக்குப் பின்னால் பேராசிரியர், 'கேள்வி கேட்டு வாசிக்கிறார், அருமை' என்று எழுதிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

வந்த காரணத்தை ஆர்வில் அன்றே சொன்னார். இத்தனை வருடமும் விஷயம் வெளியே தெரியாது. ஹோட்டலில், "இவருக்குச் சொன்னதே எனக்கும்" என்பார். வங்கியில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்வார். வீட்டுத் தாள்களையெல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. போன மாதம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் அவருடைய பௌலிங் குழுவின் கூட்டத்தில், இன்னொரு ஜக் பீர் கேட்கக் கையைத் தூக்கியிருக்கிறார். அதே நேரம் தலைவர், "அடுத்த செயலாளரா யார் இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

"மார்ச் மாசம் ஆண்டு விருந்து. செயலாளர்தான் எழுந்து நின்னு, குறிப்பேட்டுல இருக்கிற போன வருஷத்துக் குறிப்பைப் படிக்கணும். அதுக்குள்ள என்னைத் தேத்தி விட்டுருங்க."

வாத்தை ஓரங்கட்டினேன். தலைவர், பொருளாளர், கமிட்டி என்று அவருக்கு வேண்டிய சொற்களையே பிடித்தோம். ஆங்கிலத்தில் 'கமிட்டி' எழுதினால் மூன்று இடத்தில் எழுத்து இரட்டிக்கும். அதைப் பார்த்தவர், "என்ன இது, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?" என்றார்.

ஆறாவது சனிக்கிழமை அந்தக் குறிப்பேட்டையே கொண்டுவந்தார். பதினொரு வருடம் செயலாளராக இருந்து, முட்டி அறுவை சிகிச்சைக்காக விலகிய எல்ராய் எழுதியது. திறந்தேன். பக்கம் பக்கமாக நீல மையில் அலை. அங்கங்கே ஒரு சுழி, ஒரு நீண்ட இழுப்பு. திருப்பிப் பார்த்தேன், தூரத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"டீச்சருக்கே வரலையா?" ஆர்விலின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

பேராசிரியரே எழுந்து வந்துவிட்டார். பின்னாலேயே பதினோரு பேரும். "'நிர்வாகக் குழு ஒருமனதாக'ன்னு தெளிவா இருக்கே" என்றார் பேராசிரியர். இன்னொருத்தி, "இல்ல டாக்டர், 'கனமழை காரணமாக' " என்றாள்.

"பௌலிங்கைக் கூரைக்கு அடியிலதாம்மா ஆடுறது" என்றார் ஆர்வில்.

பேராசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தெளிவில்லாத எழுத்தை மனம் எப்படி ஊகித்து வாசிக்கிறது என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார். நான் ஒன்பது பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

ஆர்விலுக்கு அது உதவாதே. குழுவில் ஒவ்வொருவரிடமும் போன வருடம் நடந்ததைக் கேட்டுவரச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்; பிறகு அவரே எழுதினார். மூன்று வாரத்தில் அரைப் பக்கம் தேறியது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆர்வில் என்னையும் அழைத்திருந்தார். பொரித்த மீனும் சீஸ் துண்டுகளும் மேசையில் வந்துவிட்டன. ஆர்வில் எழுந்தார். முதலில் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதை என்னால படிக்க முடியலை. எனக்குப் படிக்கவே வராதுப்பா. இப்பத்தான் கத்துக்கிறேன். ஆனா யுனிவர்சிட்டியில பதிமூணு பேரு பாத்தாங்க. அவங்களுக்கும் வரலை. டேய் எல்ராய், நீயே வந்து படிடா!"

அறையே சிரித்தது. எல்ராய் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்தார். குறிப்பேட்டை வாங்கினார், திறக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணும் இல்லடா" என்றார். "எனக்கும் வராது. சும்மா கோடு இழுப்பேன். மனசுல இருக்கிறதைச் சொல்லுவேன்."

கடைசி மேசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்போ அந்த வருஷம் நான் ஒரு கட்டைகூட விடாம முழுசா முந்நூறு அடிச்சேன்னு படிச்சியே?"

"நீ அடிச்சது இருநூத்திப் பத்துதான். உன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தா. அதான் கொஞ்சம் ஏத்திச் சொன்னேன்."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அதற்குப் பிறகு ஆர்வில் தன் அரைப் பக்கத்தைப் படித்தார். 'பொருளாளர்' என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற எல்ராயும் தாளை எட்டிப் பார்த்தார். அவர் பார்த்து என்ன பயன்? எனக்கு அந்தச் சொல் வாய்வரை வந்துவிட்டது. தடுமாறுகிறவருக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்காதே, காத்திரு என்பது எங்கள் வகுப்பில் படித்த முதல் பாடம். ஒரு சீஸ் துண்டை வாயில் திணித்துக்கொண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீண்ட ஐந்து விநாடி அது. ஆர்வில் விரலை வைத்து, எழுத்தைப் பிரித்து, கூட்டி, சொல்லிவிட்டார். மிச்சத்தை ஒரே மூச்சில் முடித்தார். எனக்கு விக்கலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நிர்வாகக் குழு ஒருமனதாக' என்று தான் படித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காது சிவந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவரையும் கூட்டிட்டு வா, மார்லிஸ்" என்றார்.

எல்ராய் வந்தபோது மாணவர்களில் யாருக்கும் நேரம் காலியாக இல்லை. பதினைந்து வருடமாக யாருக்கும் நேரடியாகச் சொல்லிக்கொடுக்காத பேராசிரியரே எதிரில் உட்கார்ந்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் கண்ணாடிக்குப் பின்னால் நோட்டைத் திறந்து பேனாவுடன் தயாரானோம். பேராசிரியரின் கையில் இருந்த புத்தகம் இரண்டு முறை கீழே விழுந்தது.

எல்ராய் குனிந்து எடுத்துக்கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா" என்றார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."