மலை தீர்ந்துபோன இடம்

“எல்லாரும் ஒரே எடத்துல நின்னு எடுத்துக்கிட்டே இருந்தா மலை தீந்து போயிடாதாப்பா?” என்று போட்டோ எடுக்கும் படக்காரரின் மகள் ஐந்து வயதில் ஒருநாள் கேட்டாள். தீர்ந்துபோக இருபத்தாறு வருடம் ஆனது. அந்த வருடம் கோடை விடுமுறை முடிவதற்குள், முனை என்று எல்லோரும் சொல்லும் பாறை விளிம்பில் நின்று பார்த்தால் ஏரிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. படம் பதியாத போட்டோத்தாள் போல ஒரு வெள்ளை மட்டும் நின்றது. அங்கிருந்து நாற்பது அடி தள்ளிப் படகுத்துறைப் படியில் இறங்கினால் மலை முழுசாக இருந்தது. பஸ் நிலையத்திலிருந்தும் இருந்தது. எந்த மலையையும் ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக இறைவன் படைப்பதில்லை. வந்தவர்கள்தான் அந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கொண்டு போனார்கள். எடுக்க எடுக்க அந்தப் பக்கம் குறைந்தது.

முதலில் எடுத்தவர் படக்காரர்தான். கல்யாணமான புதிதில் முனைக்குப் பின்னால் முப்பது அடியில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். மலை உச்சியில் வருடம் பூராவும் மேகம் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காலை துணி உலர்த்தப் போன மனைவி, கையில் பிழிந்த சட்டையோடு அவரைக் கூப்பிட்டாள். அவர் தோளைப் பிடித்து நகர்த்தி, “இன்னும் கொஞ்சம் எடப்பக்கம். குனியாதீங்க. இப்ப பாருங்க” என்றாள். உச்சியில் மேகமே இல்லை. உள்ளே ஓடிக் கேமராவைக் கொண்டுவந்து ஒரே ஒரு தடவை அமுக்கினார். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. காலண்டரில், நோட்டுப் புத்தக அட்டையில், பிஸ்கட் டப்பா மூடியில் எல்லாம் வந்தது. பத்திரிகைக்காரர் வீட்டுக்கு வந்து இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது, அலைந்து திரிந்து தானே கண்டுபிடித்ததாகப் படக்காரர் சொன்னார். மனைவி அப்போது வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று இரண்டு பேரும் அதைப் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

படத்தைப் பார்த்துக் கூட்டம் வரத் தொடங்கியது. வந்தவர்களை மலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பதே அவர் பிழைப்பாயிற்று. ஒருமுறை வயதான ஒருவரின் கேமரா ஸ்டாண்டு பாறையில் வழுக்கி, மனிதர் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். படக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே உளி வாங்கி வந்து, தான் முதல் படம் எடுத்த அதே இடத்தில், ஸ்டாண்டின் மூன்று கால்களும் உட்கார மூன்று குழி வெட்டினார். ஸ்டாண்டு இல்லாதவர்களுக்காக மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதம் வரைந்தார். யாரும் மோசமான படத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் குழியில் ஸ்டாண்டை நிறுத்தி, பாதத்தில் பாதம் வைத்து, ஒரே படத்தை எடுத்தார்கள். போன் வந்தபிறகு ஒரு கையில் பழைய படத்தை வைத்துக்கொண்டு, கோட்டுக்குக் கோடு பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்.

முதலில் போனது நீலம். பிறகு அடிவாரத்து மரங்கள், ஒவ்வொன்றாக. நடுவில் இருந்த அருவி ஒரு வருடம் பாதி வழியில் நின்றது, மறு வருடம் அதுவும் இல்லை. நகராட்சியிலிருந்து எழுத்தர் வந்து பார்த்து, மலை முனையிலிருந்து மட்டும் காணப்படவில்லை, மற்ற இடங்களில் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வெள்ளைக்கு முன்னால் பெரிய பலகையில் மலையை வரைந்து வைத்தார்கள். கூட்டம் அதையும் எடுத்தது. எட்டு மாதத்தில் பலகையும் வெளுத்தது.

இதெல்லாம் கூட்டத்தின் கஷ்டம். படக்காரருக்கு வந்தது வேறு. மனைவிக்கு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்து, அவள் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தாள். தூக்கி நகர்த்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே சின்ன வீட்டில் கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேரே முனை. அவள் பார்வை அந்த மூன்று குழிகளுக்கு மேலாகத்தான் போக வேண்டும். காலையில் கண் திறந்தால் அவளுக்கு இருந்த ஒரே ஊர், ஒரே வெளி, அந்த மலை. அது அவள் கண் முன்னால் கரைந்தது.

படக்காரர் குழிகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார், மஞ்சள் பாதங்களைச் சுரண்டினார். கூட்டம் போனைப் பார்த்து அதே இடத்தில் நின்றது. வேறு பக்கம் போய் எடுங்களேன் என்று கெஞ்சினார். புதுசாகக் கல்யாணமான ஒரு பையன், “அப்புறம் நாங்க இங்கதான் வந்தோம்னு யாரு நம்புவா சார்?” என்றான். படகுத்துறைப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடியை நட்டு மலையை ஜன்னலுக்குத் திருப்பிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது யார் வீட்டு மலைங்க? வகிடு மாத்தி எடுத்திருக்கு” என்று சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு முற்பகல், பழைய நெகட்டிவ் ஒன்றை யாருடையது என்று பார்க்க ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கட்டிலிலிருந்து அவள், “அந்த மூலையில ஒரு மரம் வந்திருக்கு பாருங்க” என்றாள். வந்திருந்தது. கையிலிருந்த பிலிமில் ஒரு குடும்பம் மட்டும் நின்றது. அவர்களுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்து ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தார். மற்றவர்கள் எடுத்துப் போனதை அவரால் திருப்ப முடியாது. தான் எடுத்ததை முடிந்தது. ஒரு பிலிமுக்கு ஒரு கை அகலம் மலை வந்தது. வந்ததும் எடுத்த நாளின் வெயிலோடு வந்தது. இடப்பக்கம் மழைக்கால மத்தியானம், நடுவில் கோடை, அருவிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு அந்தி. “ஒரே மலையில மூணு மணியும் ஆறு மணியும் அடிக்குது. நான் எப்ப மருந்து சாப்பிடணும்?” என்று கேட்டாள். ஊர் ஊராகப் பல ஆல்பங்களில் அப்பா அம்மா பிள்ளைகள் வெறும் வெள்ளைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். மகள் வெளியூரிலிருந்து போனில் பேசும்போது மலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பாள். தோள்வரை, கழுத்துவரை என்று அம்மா சொல்வாள்.

கழுத்தோடு நின்றது. உச்சி எந்தப் பிலிமிலும் இல்லை. எல்லாவற்றிலும் அங்கே மேகம் உட்கார்ந்திருந்தது. மேகம் இல்லாத உச்சி ஒரே ஒரு பிலிமில்தான் இருந்தது. அது அவருடைய மேஜை இழுப்பறையில், பட்டுத்துணியில் சுற்றி இருந்தது. அதைக் கொடுத்தால் அவர் இந்த உலகத்தில் செய்த ஒரே காரியம் போய்விடும். நாளை என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். இப்படி ஒன்பது வாரம் போயிற்று. அவள் கேட்கவில்லை. ஒருநாள் அவர் தலையணையைச் சரி செய்தபோது, “தலை இல்லாட்டி என்ன, முகம் எனக்குத் தெரியுங்க” என்றாள். அதைக் கேட்டபிறகும் அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

நான்காம் நாள் காலை அதை எடுத்து வந்து பிடித்தார். உச்சி வந்தது, காலை வெயிலோடு, கூர்மையாக, அப்போதுதான் யாரோ துடைத்து வைத்ததுபோல. ஆனால் அந்த ஒன்பது வாரத்தில் அவள் பார்வை மங்கியிருந்தது. அவர் நின்ற திசையில் தோராயமாகத் திரும்பி, “மேகம் இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றார்.

“அன்னிக்கும் இல்ல” என்றாள்.

நீதானே காட்டினாய் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். முப்பத்து மூன்று வருடம் அடைத்துக் கிடந்த வாய் அந்த ஒரு நிமிடத்தில் திறக்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டார். ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள். மகள் வந்து பதினாறு நாள் இருந்து, அம்மாவின் புடவைகளை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

மலை இப்போதும் முனையிலிருந்து அப்படித்தான் தெரிகிறது, மழையும் வெயிலும் அந்தியும் ஒட்டுப்போட்ட மாதிரி. வருகிறவர்கள் கையிலிருக்கும் எந்தப் படத்தோடும் அது பொருந்துவதில்லை. பொருத்தம் தேடி இடப்பக்கம் நகர்கிறார்கள், வலப்பக்கம் நகர்கிறார்கள், சலித்துப்போய் அவரவர் நின்ற இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் ஏரியை எடுக்கிறார்கள், சிலர் பக்கத்தில் நிற்பவர் முகத்தை. அதனால் மலை மறுபடி தேயவில்லை.

அந்த முதல் பிலிம் வெளுத்த நேரத்திலேயே அதிலிருந்து போட்ட பிரதிகளும் வெளுத்துவிட்டன. நகராட்சி அலுவலகத்தில் தண்ணீர் வரி கட்டும் ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்த பெரிய பிரதியும் தப்பவில்லை. சட்டத்துக்குள் வெறும் வெள்ளை. கீழே பித்தளைத் தகட்டில், எடுத்தவர் என்று போட்டுப் படக்காரரின் பெயர். கழற்ற உத்தரவு வராததால் யாரும் கழற்றவில்லை.

ஒரு விடுமுறை நாள் முற்பகலில் படக்காரர் அங்கே போனார். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு திருகாணியைக் கழற்றி, பழைய தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொண்டுபோயிருந்த புதுத் தகட்டை அதே துளைகளில் முடுக்கினார். அதில் அவள் பெயர் இருந்தது. அவள் அப்பா வைத்த முழுப் பெயர்; கல்யாணத்துக்குப் பிறகு யாரும் கூப்பிட்டிராத பெயர். எடுத்தவர் என்று போடவில்லை, பார்த்தவர் என்று போட்டிருந்தார். ஸ்டூலில் பதிந்த செருப்புத் தடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கதவை இருந்தபடியே சாத்திக்கொண்டு வந்தார்.

மறுநாள் வரி கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றபடி வெள்ளைச் சட்டத்தை அண்ணாந்து பார்த்தார்கள், கீழே இருந்த பெயரைப் படித்தார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு போனார்கள்.