சுவருக்கு இந்தப் பக்கம்

என் அறைக் கட்டிலில் அண்ணன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தான். பக்கவாதம் வந்து எழுந்த பிறகு அவன் இடது கை தம்ளரைப் பிடிக்கும், சட்டைப் பொத்தான் போடாது. கம்பியை அழுத்துவது பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

"எங்க பேண்டோட கடைசிப் பாட்டு இருக்குல்ல, அதுல நடுவுல நான் தனியா வாசிப்பேனே. அது மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வரல. நீ வாசிச்சுக் காட்டு."



நான் நாட்டுப்புற மெட்டில் சொந்தமாகப் பாட்டு எழுதி, கிதாரோடு தனியாகப் பாடுகிறவள். தாலாட்டைக்கூடச் சண்டைக்குப் போகிறவள் மாதிரி வாசிக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் கட்டைவிரல் தடித்த அடிக்கம்பிகளை விட்டு நகராது, உள்ளங்கை அவற்றை அமுக்கிப் பிடித்து இடித்துக்கொண்டே இருக்கும். அண்ணனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஊசி போட வந்த நர்ஸிடம்கூட, "என் ராக் வாசிப்புதான் இவ கையில இருக்கு" என்று குழறிக் குழறிச் சொன்னான். நான் மறுக்கவில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் அண்ணனின் பேண்டில் நாலு பேரும் பக்கத்து அறையில் பயிற்சி செய்வார்கள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததும் கதவுக்கும் சுவருக்கும் மெத்தைகளை முட்டுக்கொடுத்தார்கள். அண்ணனுடைய கிதார் மாதிரி உயர்ந்த சுரத்தையெல்லாம் மெத்தை விழுங்கிவிடும். என் பக்கம் வந்ததெல்லாம் டிரம்மும், அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிதாரும்தான். கிதார் என்றாலே அதுதான் என்று நினைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து அதையே கற்றுக்கொண்டேன். அது அண்ணனுடையது இல்லை என்று வெகு பின்னால்தான் தெரிந்தது. பேஸ் வாசித்தவனுக்கு மூட்டை என்று பட்டப்பெயர். ஓயாமல் அண்ணனிடம் திட்டு வாங்குகிறவன். மேடை ஏறும் முன்பே பேண்ட் உடைந்துபோனது, எதையும் யாரும் பதிவு செய்யவில்லை.

"மூட்டைகிட்ட கேளேன்" என்றேன்.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. அவனவனுக்கு அவனவன் வாசிச்சதுதான் ஞாபகம். நீதான் தினமும் கேட்டியே."

"எனக்கு அது கேட்டதே இல்லண்ணா. மெத்தை வச்சிருந்தீங்க. மூட்டை வாசிச்சது மட்டும்தான் வரும்."

அண்ணன் என் வலது கையைப் பார்த்தான்.

"அப்போ இது?"

"மூட்டையோடது."

அவன் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "அந்தத் தடியனோடதா" என்றான். நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த நிமிடமே வாசி என்பான், எதை வாசிப்பேன்?

கிதாரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி எழுந்தான். "நான் நாங்க வாசிச்ச ரூம்ல போய் உட்காந்து பாக்கறேன். நீ உனக்குத் தெரிஞ்சத வாசி. ஞாபகம் வந்தாலும் வரும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பழைய இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். நடுவில் அவன் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. எனக்கு அது எப்போதுமே பேஸ் மட்டும் ஓடும் வெறும் தாள நடை. என் பாட்டுகளிலெல்லாம் அந்த இடத்தில்தான் நான் வாய் திறந்து பாடுவேன். இன்று வாயை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் இடித்தபடி, அவன் வாயாலாவது முணுமுணுப்பான் என்று இடம் விட்டுக் காத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அந்த இடம் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.