நாகர் வேலியில கட்டின பச்சை வயர்

கரண்டுன்னா என் வீட்டுக்காரருக்கு உயிர் பயம். ஒரு பல்பு மாத்தணும்னாகூட என்னை மெயினை அணைக்கச் சொல்லிட்டு, பலகை மேல ஏறி நின்னுக்கிட்டுத்தான் மாத்துவாரு. அப்படிப்பட்ட மனுஷன் கையாலதான் இப்படி ஒண்ணு நடந்துச்சு.

தொண்ணூத்தாறுல, யுகாதி சமயத்துல, மைசூர் விஜயநகர்ல நாங்க டிபன் வண்டி போட்டோம். ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற டிரெய்லர். சுத்தியும் தகரம், உள்ள கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, ரெண்டு டியூப் லைட். வயரிங் பண்ணினது அக்ரஹாரத்து கிருஷ்ணராஜ். என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகத்துக்கு ரொம்ப நாள் சிநேகிதர். அவர் வேலையில குத்தம் சொல்ல முடியாது. வயரெல்லாம் பைப்புக்குள்ள போச்சு. தகரத்துல ஓட்டை போட்ட எடத்துலயெல்லாம் ரப்பர் வளையம் வச்சாரு, வண்டி குலுங்கி வயர் தேயக் கூடாதாம். சுவிட்ச் போர்டு அடுப்புக்கும் தண்ணிக்கும் எட்டாத மூலையில. நான் நிக்கிற எடத்துல ரப்பர் விரிப்பு, சாப்பிடுறவங்க கை வைக்கிற எடத்துல மரப் பலகை. மெயின் சுவிட்ச் மட்டும் கதவோரமா, வெளிய நின்னே எட்டி அணைக்கிற மாதிரி.

இதெல்லாம் முடிச்சுட்டு ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டாந்து கொடுத்தாரு. நாங்க வண்டி நிறுத்துற எடத்துக்கு எதிர் வீட்டு கௌரம்மா கிட்ட கேட்டுத்தான் கரண்டு எடுத்தோம். அவங்க வீட்டு பிளக்குல எர்த்துக்கு ஓட்டை இருக்கே தவிர, பின்னாடி வயரே இல்லைன்னு கிருஷ்ணராஜ் கண்டுபிடிச்சுட்டாரு. அதனால, வண்டி நிக்கிற எடத்துல இந்தக் கம்பியை ஆழமா அடிச்சு எறக்கணும், உப்புத் தண்ணி ஊத்தணும், வண்டியில இருந்து வர்ற பச்சை வயரை அதுல கட்டணும். மெஷின்ல கரண்டு கசிஞ்சு தகரத்துக்கு வந்தாலும் இது வழியா மண்ணுக்குள்ள போயிடும், மனுஷன் பொழைச்சுக்குவான்னாரு. சத்தியம் வாங்காத கொறையா சொல்லிட்டுப் போனாரு.

நாங்க வண்டி நிறுத்தின எடம் ஒரு அரச மரத்தடி. மரத்தைச் சுத்தி சிமெண்ட் மேடை. மேடையில நாகர் கல்லுங்க, அதைச் சுத்தி இடுப்பு உசரத்துக்கு இரும்பு வேலி. பக்கத்துலயே ஒரு புத்து. மொத நாள் என் வீட்டுக்காரர் கம்பியை வச்சு ரெண்டு அடி அடிச்சிருப்பாரு, கௌரம்மா தலைமுடியைக்கூட முடியாம ஓடி வந்தாங்க. நாகப்பன் குடியிருக்கிற மண்ணுல இரும்பை அடிக்கிறீங்களா, அப்படி அடிச்ச குடும்பத்துல கொழந்தை தங்காதுன்னு கன்னடத்துல ஒரு பாட்டம் பாடிட்டாங்க.

வேற எதைச் சொல்லியிருந்தாலும் நான் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். என் வாய் அந்த ஏரியாவுக்கே தெரியும். ஆனா என் தங்கச்சி பாக்கியலட்சுமி அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா. கல்யாணமாகி எட்டு வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கலை. பாவி மக போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. மாதேஸ்வரன் மலைக்கு மட்டும் எத்தனை தடவை போயிருப்பா. கௌரம்மா சொன்னதைக் கேட்டு அவ மூஞ்சி செத்துப் போச்சு. அதைப் பாத்ததும் இவரு சுத்தியலைக் கீழே போட்டுட்டு, அடிச்ச கம்பியையும் பிடுங்கிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

அப்புறம் பச்சை வயரை என்ன பண்றது? இவரு சுத்தும் முத்தும் பாத்தாரு. அந்த இரும்பு வேலியில கொண்டு போய்க் கட்டினாரு. இதுவும் இரும்பு, இதுவும் கீழதானே போகுதுன்னாரு. அது மண்ணுக்கே போகலை, மேடை சிமெண்ட்டோட நின்னு போச்சுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? கௌரம்மாவுக்கும் மனசு ஆறிடுச்சு. கிருஷ்ணராஜ் வேலையா ஓசூர் பக்கம் போயிட்டதால அவருக்கு இது தெரியாது.

பாக்கியம் தினம் காலையில எனக்குச் சட்னி அரைச்சுக் கொடுக்க வருவா. குளிச்சுட்டு ஈரத் தலையோட வந்து, மொதல்ல நாகர் கல்லைச் சுத்திட்டுத்தான் வண்டிக்குள்ள வருவா. கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் கண்ணெல்லாம் தளும்பிப் போய் வந்து நின்னா. வேலியைத் தொட்டுக் கும்பிட்டாளாம், ஒரு ஜிவ்வு முழங்கை வரைக்கும் ஏறுச்சாம். அன்னைக்கே கௌரம்மாவும் தொட்டுப் பாத்தாங்க, அவங்களுக்கும் ஏறுச்சு. நாகப்பன் கண்ணைத் திறந்துட்டாருன்னு தெருவுக்கே சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் பாக்கணுமே கூட்டத்தை! எங்கெங்க இருந்தோ பொம்பளைங்க வந்தாங்க. செருப்போட வந்து தொட்டவங்களுக்கு ஒண்ணும் வரலை, அதனால செருப்பைக் கழட்டணும்னு ஆச்சு. காஞ்ச காலோட நின்னவங்களுக்குக் கொஞ்சமா வந்துச்சு, அதனால காலைக் கழுவிட்டு ஈரத்தோட வரணும்னு ஆச்சு. மழை பெஞ்சா நாகப்பனுக்குச் சந்தோஷம், ஜாஸ்தியா கொடுப்பாராம். திங்கக்கிழமை எங்க வண்டிக்கு லீவு, மெயினை அணைச்சுடுவோம். திங்கக்கிழமை நாகப்பன் மௌனம்னு அவங்களே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டாங்க. எனக்கு இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, கும்பிட வந்தவங்கள்ல பாதிப் பேரு நம்மகிட்ட காபி குடிச்சாங்க. வண்டிக்குள்ள ரப்பர் விரிப்பு மேல செருப்புக் காலோட நிக்கிற எனக்கு ஒரு சுருக்கும் தெரியலை.

ஆனி மாசம் பாக்கியத்துக்கு நாள் தள்ளிப் போச்சு. டாக்டரம்மா உறுதின்னு சொன்ன அன்னைக்கு என் தங்கச்சி நேரா நாகர் கல்லுகிட்ட ஓடிப் போய், அந்த வேலியை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். இந்தக் கொழந்தை நல்லபடியா பொறக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சாமின்னு வேண்டிக்கிட்டேன்.

நாக பஞ்சமி வந்துச்சு. விடியறதுக்குள்ளயே பொம்பளைங்க பால் சொம்போட வரிசையா நின்னாங்க. மேடையெல்லாம் பாலும் தண்ணியும் மஞ்சளுமா ஓடுது. கூட்டம் ஜாஸ்தின்னு நான் கிரைண்டரை ரெண்டு தடவை ஓட்டினேன். மொத தடவை அரைச்சுட்டு அவசரத்துல தண்ணியை அடிச்சு ஊத்திக் கழுவினதுல மோட்டார் நனைஞ்சிருக்கு. ரெண்டாவது தடவை சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்துல வெளிய ஒரே கூச்சல். பால் சொம்பு உருளுற சத்தம்.

எட்டிப் பாத்தேன். வேலியைப் பிடிச்சிருந்த பொம்பளைங்க எல்லாரும் பின்னாடி போய் விழுந்து கெடக்குறாங்க. பாக்கியம் மட்டும் நின்னுக்கிட்டு இருக்கா. ரெண்டு கையும் வேலியில. உடம்பு வெறைச்சு நடுங்குது, வாய் கோணிப் போச்சு, கண்ணு மேல சொருகிடுச்சு. சாமி வந்துடுச்சு, சாமி வந்துடுச்சுன்னு யாரோ கும்பிடுறாங்க.  பிடிச்சு இழுக்கலாம்னு குதிச்சு ஓடினேன். இவரு என் முடியைப் பிடிச்சுப் பின்னாடி தள்ளிவிட்டுட்டு, ஒரே தாவுல மெயினை அணைச்சாரு. கரண்டு போனதும் பாக்கியம் அப்படியே துணி மாதிரி கீழே விழுந்தா. உள்ளங்கை ரெண்டும் கருகிப் போயிருந்துச்சு.

ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஓசூர்ல இருந்து திரும்பியிருந்த கிருஷ்ணராஜுக்கு யாரோ சொல்லிவிட, அவரு நேரா வண்டிகிட்ட போயிட்டாரு. என் வீட்டுக்காரரையும் வரச் சொன்னாரு. எல்லாரையும் தூரமா நிக்க வச்சுட்டு, மெயினைப் போட்டு, டெஸ்டரை வண்டித் தகரத்துல வச்சாரு, அதுல இருக்கிற சின்ன பல்பு எரிஞ்சுது. அப்புறம் மஞ்சளும் குங்குமமும் பூசின அந்த வேலியில வச்சாரு. அங்கயும் பளிச்சுன்னு எரிஞ்சுதாம். மொத நாள்ல இருந்தே ஃபிரிட்ஜ் கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சிருக்கு, இன்னைக்கு கிரைண்டரும் சேந்துக்கிச்சு, மண்ணுக்குப் போக வழியில்லாம எல்லாம் வேலியில வந்து நின்னுருக்குன்னாரு. அதைப் பாத்துட்டு வந்த இவரு ஆஸ்பத்திரி வராந்தாவுல தரையிலயே உக்காந்துட்டாரு. இத்தனை நாளா அந்தப் பொம்பளைங்க தொட்டுத் தொட்டுக் கும்பிட்டது எங்க ஃபிரிட்ஜைத்தான்.

சாயங்காலம் ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, கொழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்கு, ஆனா கொஞ்ச நாள் கவனமா பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. பாக்கியம் கண்ணு முழிச்சிருந்தா. ரெண்டு கையிலயும் கட்டு. நான் பக்கத்துல உக்காந்து, உனக்கென்ன பைத்தியமாடி, மத்தவங்கல்லாம் விழுந்தாங்களே, நீ ஏன் விடலைன்னு கேட்டேன்.

"மொதல்ல விட்டிருக்கலாம் அக்கா. இன்னைக்குப் பஞ்சமி, ஜாஸ்தியா வருது, தாங்கிக்கிட்டா கொழந்தை கெட்டியா நிக்கும்னு நான்தான் இறுக்கிப் பிடிச்சேன். அப்புறம் விடணும்னாலும் முடியலை."

 இதுக்கு மேல மறைக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பச்சை வயரு, ஃபிரிட்ஜ், கிரைண்டர், திங்கக்கிழமை லீவு, எல்லாம். அவ கண்ணை எடுக்காம கேட்டுக்கிட்டே இருந்தா. புரிஞ்சுதாடின்னேன். புரிஞ்சுதுன்னு தலையாட்டினா. கிருஷ்ணராஜ் அந்த வயரை அறுத்துடப் போறாரு, இனிமே யாருக்கும் பயமில்லைன்னு சொன்னேன்.

அவ கட்டுப் போட்ட கையாலயே என் முந்தானையை இழுத்தா. நர்ஸுக்குக் கேக்காத கொரல்ல சொன்னா:

"சாமியோ கரண்டோ, எனக்குத் தெரியாது அக்கா. எட்டு வருஷமா தங்காதது, அதைத் தொட்டப்புறம்தான் தங்கியிருக்கு. பிரசவம் வரைக்கும் அந்த வயரை எடுக்க வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுக்கா."

 அவ கையை எடுத்து என் மடியில வச்சுக்கிட்டு, அவ தூங்குற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன்.