மிச்ச மருந்து

குருவம்மாளின் பதினோரு ஆடுகளுக்கும் காதில் நீலத் தோடு விழுந்தது குலுக்கலில்தான். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. புதுத் தடுப்பு மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க இலஞ்சியில் எட்டு ஆட்டுப் பட்டிகளை எடுத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். பாதிக்கு அந்த மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஒன்றுக்கு மஞ்சள் தோடு, ஒன்றுக்கு நீலம். எந்த நிறத்துக்கு எது என்று ஊசி போடுகிற சங்கரேஸ்வரிக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஆடுகள் சொல்லிவிட்டன. மூன்றாம் நாள் மஞ்சள் தோட்டு ஆடுகளுக்கு ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு வீக்கம், லேசாகக் காய்ச்சல். நீலத் தோடுகள் துள்ளிக்கொண்டு திரிந்தன. துபாயிலிருந்து திரும்பி ஆடு வளர்க்கும் மசூதுதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"எம் பட்டி பூரா தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கி. ஒன் ஆடு மட்டும் எப்படி குருவம்மா, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ஆடுது? ஒனக்குத் தண்ணியக் குத்திட்டுப் போயிருக்காவ, பாத்துக்க."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். குருவம்மாள் அன்று சாயங்காலமே சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி சங்கரி, நெசமா? எனக்கு மட்டும் தண்ணியா?"

சங்கரேஸ்வரிக்கு அவள் ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் செத்து ஒன்பது வருஷம். ஐந்தருவி போகும் ரோட்டில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். சீசனில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரலிடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து கிடக்கும். சோற்றைப் பிசைந்தால் எரியும். பதினொன்று இருபதாகட்டும், அந்தத் தொட்டியை விட்டு எழுந்து ஆடுகளோடு இருந்துகொள்வேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறாள். இரண்டு ஆட்டில் ஆரம்பித்தவள்.

"மதினி, அது சட்டம். மூணு மாசம் கழிச்சு கேம்பு வைப்பாவ. நீலத் தோட்டுக்கெல்லாம் அங்கன வழக்கமான ஊசியப் போட்டுருவாவ."

"மூணு மாசத்துல சீக்கு வராதுன்னு எழுதிக் குடுத்திருக்காவளா?"



சங்கரேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்றே, அந்த மருந்தை உருவாக்கிய அபர்ணா டாக்டர் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். ஆட்டம்மைக் கிருமியில் நோயை உண்டாக்குகிற மரபணுவை வெட்டி எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமியின் மரபணு ஒன்றை ஒட்டியிருக்கிறார்களாம். ஒரே ஊசியில் இரண்டு சீக்குக்கும் எதிர்ப்பு.

"இது உயிருள்ள கிருமி, சங்கரி. உயிரோட உள்ள போனாத்தான் வேலை செய்யும். கலக்கினப்புறம் ஐஸ்லயே இருக்கணும், ரெண்டே மணி நேரம். மிச்சத்தைக் கொதிக்க வச்சுக் கொட்டிடணும். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது."

கொட்டு என்ற சொல்தான் சங்கரேஸ்வரிக்கு இறங்கவில்லை. செங்கல் சூளையில் பிறந்து வளர்ந்தவள். வடித்த கஞ்சியைக் கொட்டியதில்லை, தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டித் தேய்த்துக் குளித்த வீடு. தேதி முடிந்த காய்ச்சல் மாத்திரையை அவள் அம்மா ஒரு வருஷம் வைத்துத் தின்றாள், காய்ச்சல் விடத்தான் செய்தது. படித்தவர்கள் எதற்கும் ஒரு கெடு வைப்பார்கள், அதற்குப் பிறகும் சாமானில் கொஞ்சம் சத்து இருக்கும் என்பது அவளுடைய கணக்கு.

அடுத்த வாரம் வேறொரு ஊர்ப் பட்டிக்கு மஞ்சள் மருந்து போட்டு முடித்தபோது பாட்டிலில் கால் பங்கு மிஞ்சியது. காலை ஏழரைக்குக் கலக்கியது. டாக்டரிடம் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். பாட்டிலை டிபன் வாளிக்குள் ஐஸோடு வைத்து, தென்காசி ஆபீசில் மருந்துப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து இலஞ்சி வந்து இறங்கும்போது மணி ஒன்றரை. சித்திரை வெயில். ஐஸ் வெந்நீராகக் கிடந்தது. பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கையில் ஒரு குளிர்ச்சியும் இல்லை. இருந்தாலும் போட்டாள். பதினொன்றுக்கும் போட்டாள்.

குருவம்மாள் ஒவ்வொரு ஆட்டையும் தொடையிடுக்கில் பிடித்துக்கொடுத்தாள். கடைசி ஆட்டை விட்டதும், "ஒன் அண்ணன் இருந்தாக்கூட இம்புட்டு செய்ய மாட்டான்" என்றாள்.

மூன்றாம் நாள் சங்கரேஸ்வரி போய்த் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. ஒரே ஒரு கிடாவுக்கு மட்டும் தோளில் சின்னதாக ஒரு கட்டி. அது உண்ணி கடித்தது. மயிரை விலக்கினால் தெரிந்திருக்கும். அவள் விலக்கவில்லை.

"மருந்து பிடிச்சிருக்கு மதினி" என்றாள்.

ஆடி பிறந்தது. சாரல் இறங்கி, குற்றாலத்தில் கூட்டம் அள்ளியது. கேம்புக்கு வரச்சொல்லி நீலத் தோட்டுக்காரர்களுக்குச் சீட்டு வந்தது. குருவம்மாள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஓட்டல்ல லீவு கேட்டா மொதலாளி வேற ஆளப் போட்டுருவான். போவணுமாட்டி?"

"எதுக்கு? அதான் போட்டாச்சுல்லா. போவாண்டாம்."

ஒரு நாள் வேலை கெட வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். பாதிதான் உண்மை. கேம்பில் ரத்தம் எடுப்பார்கள். நீலத் தோட்டு ஆட்டில் மஞ்சள் மருந்து தெரிந்தால் வேலை போய்விடும். மருந்து பிடித்திருந்தால் அந்தப் பயம், பிடிக்காமலிருந்தால் கேம்பு அவசியம். இரண்டில் எது என்று அவள் உட்கார்ந்து யோசிக்கவே இல்லை. யோசித்தால் தெரிந்துவிடும் என்று தெரியும்.

ஆவணியில், ராயகிரிப் பக்கமிருந்து யாரோ ஓட்டிவந்த ஆடுகளோடு சீக்கும் வந்தது. மூக்கில் சளி, வாய்க்குள் புண், வயிற்றுப் பீச்சல். மசூதின் மஞ்சள் தோடுகள் ஒன்றுகூடச் சாகவில்லை. கேம்புக்குப் போன நீலத் தோடுகளும் தப்பின. குருவம்மாளின் பட்டியில் மட்டும் ஆறு நாளில் பதினொன்றும் போயின. கடைசியில் செத்தது சினையாடு.

அபர்ணா டாக்டர் ஜீப்பில் வந்தார். புதைத்த குழியைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. மருந்து ஜெயித்த நிம்மதியும் கூடவே இருந்தது. அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது, ஆறு வருஷ உழைப்பு.

"ஏம்மா, சீட்டு அனுப்பினோமே. கேம்புக்கு ஏன் வரலை?"

குருவம்மாள் சங்கரேஸ்வரியைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"மறந்துட்டேம்மா."

ஆடுகள் செத்த காரணத்தை எழுதும் படிவத்தை டாக்டர் சங்கரேஸ்வரியிடம் கொடுத்தார். பேனா அவள் கையில்தான் இருந்தது. சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'உரிமையாளரின் அலட்சியத்தால் தடுப்பூசி போடப்படவில்லை' என்று எழுதினாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஜீப் போய்விட்டது.

நாலு நாள் சங்கரேஸ்வரி ஐந்தருவி ரோட்டுப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் ஓட்டலின் பின்பக்கம் போனாள். குருவம்மாள் தொட்டியருகே குந்தியிருந்தாள். எச்சில் தட்டுகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன.

"வாட்டி. டீ குடிக்கியா? உள்ள சொல்லுதேன்."

"வேண்டாம் மதினி. ஒண்ணு சொல்லணும்." சங்கரேஸ்வரி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "அன்னைக்கி நான் போட்டது செத்த மருந்து. வெயில்ல கெட்டுப்போச்சு. மூணாம் நாளு வீக்கம் வரலன்னதுமே எனக்கு உள்ளூரத் தெரியும். தெரிஞ்சும் கேம்புக்குப் போவாண்டாம்னு சொன்னேன்."

குருவம்மாள் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று தட்டுகள் தண்ணீரில் முங்கி எழுந்தன.

"எம் விதின்னுல்லா நெனச்சேன்" என்றாள். பிறகு, "போயிருந்தா பொழச்சிருக்குமா?"

"பொழச்சிருக்கும்."

"பதினொண்ணும்?"

"பதினொண்ணும்."

தட்டு கையிலேயே நின்றது. குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சங்கரேஸ்வரி தாங்கியிருப்பாள்.

"டாக்டரம்மா கேக்கையில ஒன்னக் காட்டிக் குடுக்கல. நீ நல்லதுக்குச் செஞ்ச, என் கெட்ட நேரம்னு ஆறிப்போயி கெடந்தேன். இப்ப வந்து இத எதுக்குட்டி எங்கிட்ட சொல்லுத? நான் இத வச்சு என்ன செய்ய?"

உள்ளேயிருந்து யாரோ தட்டு கேட்டுச் சத்தம் போட்டார்கள். குருவம்மாள் கழுவியதை அள்ளிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் அவள் வெளியே வரவில்லை. சர்வர்கள் கொண்டுவந்து போட்ட எச்சில் தட்டுகள் தொட்டியருகே ஏறிக்கொண்டே போயின.